துரையும் கல்யாணப் பாயும்

பறவைகளின் மனதைப் படிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். கூடவே இருக்கும் மனுஷியின் முகத்தையே எனக்குப் படிக்கத் தெரியாது. (என் மனைவி கோமதி இதற்கு எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வாள்.)

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. கோமதி பாளையங்கோட்டைக்கு வந்தபோது அண்டா, குத்துவிளக்கோடு ஒரு லவ் பேர்ட்ஸ் கூண்டும் வந்தது. ஜோடியில் ஒன்றைப் பூனை கொண்டுபோய்விட, மிச்சம் ஒன்றுதான். பெயர் துரை. பச்சை உடம்பு, மஞ்சள் மூஞ்சி, தாசில்தார் தோரணை.

ஆடி பிறந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து மாமனார் வந்து மகளைத் தலை ஆடிக்கு அழைத்துப் போனார். அந்த மாதம் முழுக்கப் புதுப்பெண் தாய் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். அதுதான் வழக்கம். பஸ்ஸில் கூண்டு அலுங்கும் என்று துரையை என்னிடம் விட்டார்கள். புறப்படும்போது கோமதி கண் கலங்கினாள். யாருக்காக என்று எனக்குப் புரியவில்லை.

"துரையப் பாத்துக்கோங்க. அதுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தாங்காது."

கல்யாணமாகி அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. அதில் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டும் என்று பயமாக இருந்தது. ஆகவே துரையை உற்றுக் கவனிக்க ஆரம்பித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

உற்றுப் பார்த்தால் எல்லாமே கோளாறாகத் தெரிந்தது. சாயங்காலமானால் இறகைச் சிலுப்பிக்கொண்டு பந்தாக உட்கார்ந்தான். ஒரு காலைக் காணவில்லை. விழுந்துவிட்டதோ என்று கூண்டின் தட்டில் தேடினேன். (சிரிக்க வேண்டாம், நிஜமாகவே தேடினேன்.) அலகை நறநறவென்று அரைத்தான். என் மேல் என்ன கோபம் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்புக் கேட்டுத் தினையை மாற்றி வைத்தேன். உடனே தலையை முதுகுப் பக்கம் திருப்பி இறகுக்குள் செருகிக்கொண்டான். என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால், கூண்டில் தொங்கிய குட்டிக் கண்ணாடி முன்னால் தலையை ஆட்டி ஆட்டி, தின்ற தினையைக் கக்கிக்கொண்டிருந்தான்.

ஆபீஸில் பக்கத்து மேஜை செல்லையா அண்ணாச்சி, வீட்டில் கோழி வளர்ப்பவர். அவரிடம் கேட்டேன்.

"சிலுப்பிக்கிட்டு ஒத்தக்கால்ல நிக்கானா? கக்க வேற செய்யுதானா? கோழின்னா சீக்கு முத்திட்டுன்னு அர்த்தம்வே."

"துரை லவ் பேர்ட்ஸ், அண்ணாச்சி."

"றெக்க இருக்குல்லா? அப்பம் கோழி மாதிரித்தான்."

அந்தத் தர்க்கம் அப்போது எனக்கு வெகு சரியாகப் பட்டது. அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். துரையைக் கோமதியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். வெளியே ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்தது. போர்வை ஈரமாகக் கொடியில் கிடந்தது. கைக்கு அகப்பட்டது பீரோ மேலிருந்த பாய். கூண்டை அதில் சுற்றி, மேலே காற்றுக்கு வழி விட்டு, கயிறு கட்டி பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எல்லோரும் பாயைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பத்தமடையில் ஏறிய ஓர் அம்மாள், "இது எங்க ஊருப் பாய்லா" என்று குனிந்து பார்த்தவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துரை மூச்சு விடுகிறானா என்பதே என் கவலை.

மாமனார் வீட்டு வாசலுக்கு வந்த அத்தை, பாயைக் கண்டதும் அப்படியே நின்றார். மாமா பேப்பரை மடித்தார். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன.

"கோமதி இருக்காளா? ரொம்ப அவசரம்" என்றேன். மூச்சு வாங்கியது.

அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டார். வெளியே வந்த கோமதி பாயைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் நானும் பாயைப் பார்த்தேன். மாமனார் பத்தமடையில் சொல்லி நெய்து கொடுத்த கல்யாணப் பாய். சிவப்புக் கோரையில் என் பெயரும் அவள் பெயரும், தெருவுக்கே தெரிகிற மாதிரி வெளிப்பக்கமாக. ஆடி மாதத்தில் மாமனார் வீட்டுக்குக் கல்யாணப் பாயைச் சுமந்து வந்த மாப்பிள்ளை தாமிரபரணிக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"உள்ள துரை இருக்கான்" என்று அவசரமாக அவிழ்த்துக் காட்டினேன். அந்தத் துரோகி உடம்பை உதறிவிட்டு உற்சாகமாகக் கீச்சிட்டான். நான் நோய்க்குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தேன்.

"தூக்கம் வந்தா அப்படித்தான் சிலுப்பிக்கிடும், காலை மடக்கிக்கிடும்" என்றாள் கோமதி. "மனசு நெறஞ்சு இருந்தா அலகை அரைக்கும்."

"கக்குச்சே?"

அவள் குரல் இறங்கியது. "கண்ணாடிக்குள்ள இருக்கதத் தன் ஜோடின்னு நெனச்சு ஊட்டி விடுது. தனியா இருக்குல்லா."

மாமா தொண்டையைச் செருமினார். "பட்சி இங்கனயே இருக்கட்டும் மாப்பிள்ளை. காப்பி சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. பாயை மறக்காம எடுத்துக்கோங்க."

திரும்பி வந்து, அவளும் இல்லாத, துரையும் இல்லாத வீட்டில் உட்கார்ந்தபோது அழுகை வரும்போல் இருந்தது. துரைக்காகத்தான் போனேனா என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். கோமதிக்கு அதில் எந்தக் குழப்பமும் கிடையாது. அவள் வீட்டில் யாராவது காரணமில்லாமல் வந்து நின்றால், "என்ன, பட்சிக்குச் சொகமில்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

போன ஆடிக்கு எங்கள் மகளை அழைத்து வந்திருந்தோம். முதல் வாரமே மருமகன் போன் செய்தார்.

"மாமா, தொட்டியில மீன் ஒரு மாதிரி அசையாம நிக்குது. அவட்ட காட்டணும்னு பாக்கேன்."

பக்கத்தில் கோமதி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன். "பாயை மட்டும் வீட்ல வச்சுட்டு வாங்க."