கோப்பையண்ணையும் ஜேர்மன் கத்தியும்

யாழ்ப்பாணத்து ஏழு தீவுகளிலும் தேநீரை ருசிக்காகக் குடிக்காமல், கோப்பையின் அடிப்பக்கத்துக்காகக் குடித்த ஒரே மனிதர் கோப்பையண்ணைதான். குறிகட்டுவான் இறங்குதுறையில் பைபர் படகு ஓட்டுகிறவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை அவரே மறந்துவிட்டார் என்று கேள்வி.

கிளாசில் தேநீர் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பீங்கான் கோப்பைதான் வேண்டும். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்ப்பார். அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும் அல்லவா, அதில் இடுப்புக் கத்தியை வைத்துச் சர், சர் என்று பத்து இழுவை. பிறகு முழங்கை மயிரில் ஒரு சோதனை. அவருடைய இடது கையில் மயிர் முளைத்து நான் கண்டதில்லை.

அந்தக் கத்தி பழைய லொறியின் வில்லுத் தகட்டில் அடித்தது. ஒரு காலத்தில் மூன்று விரல் அகலமாம். தீட்டித் தீட்டி இப்போது ஒரு விரல். யார் வீட்டுக்குப் போனாலும் குசினிக் கத்தியைத் தேடிப்பிடித்துக் கூராக்கிய பிறகுதான் கதிரையில் இருப்பார். அவர் வந்துபோன வீட்டில் ஒரு கிழமைக்கு யாராவது ஒருவருடைய விரலில் துணி சுற்றியிருக்கும்.

இப்படிப்பட்டவரிடம் போய் என் ஜேர்மன் கத்தியைக் காட்டியது யாருடைய பிழை? என்னுடையதுதான்.

அன்று அக்காவின் மகனுக்கு நெடுந்தீவில் கலியாணம். பதினொன்றரைக்கு முகூர்த்தம். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்ற தகுதியில் கூறைச்சேலையும் தாலியும் வைத்த பெட்டி என் பொறுப்பில். கூடவே நான் பரிசாக வாங்கிய ஆறு பீங்கான் கோப்பைகள் அடங்கிய தேநீர் செற். இவற்றோடு, மச்சான் ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த கத்தி. வாழைக்குலை வெட்ட உதவும் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டத்தான்.

எங்கள் ஆட்கள் கலியாணப் படகில் ஏறிக்கொண்டிருக்க, துறையடித் தேநீர்க் கடையில் கோப்பையண்ணை அதை உறையிலிருந்து உருவிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். காதில் வைத்துக் கேட்டார்.

"இரும்பு எவ்வளவு இறுக்கம்?"

"அறுபத்துநாலாம் அண்ணை. பெட்டியில போட்டிருக்கு. பத்து வருசத்துக்குத் தீட்டவே தேவையில்லையாம்."

"நல்ல கத்திதான். இல்லையெண்டு சொல்லேல்லை. இறுகின இரும்பில கூர் கனகாலம் நிக்கும். ஆனா இறுக்கம் கூடினா நொறுங்கும் தம்பி. மொட்டையானா என்ன செய்வீர்? என்ர கத்தி அஞ்சு நிமிசத்தில மொட்டையாகும். பத்து இழுவையில திரும்பக் கூராகும்."

"இது மொட்டையாகாது அண்ணை," என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிப்பதற்காகக் கடைக்காரரின் தேங்காய் ஒன்றை எடுத்து அதன் நடுமண்டையில் ஓங்கிப் போட்டேன்.

தேங்காய்க்கு ஒன்றும் நடக்கவில்லை. கத்தியின் வாயில் இரண்டு பல் போய்விட்டது. பார்க்க முதலாம் வகுப்புப் பிள்ளை சிரிப்பது மாதிரி இருந்தது.

கோப்பையண்ணை சிரிக்கவில்லை. முகம் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஆகிவிட்டது. "கொண்டாரும்," என்று வாங்கி, கோப்பையைக் கவிழ்த்துத் தீட்டத் தொடங்கினார். பத்து இழுவை, ஐம்பது, இருநூறு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கத்தி மசியவில்லை, கோப்பைதான் தேய்ந்தது. எழுநூற்றுச் சொச்சத்தில் கைபேசி அடித்தது. அக்கா.

"தம்பி, கூறை எங்க?"

"என்னட்டத்தான் இருக்கு."

"நீ எங்க?"

"கூறையோட நிக்கிறன்."

"எங்கயடா நிக்கிறாய்?"

நிமிர்ந்து பார்த்தேன். கலியாணப் படகு கடலில் ஒரு வெள்ளைப் புள்ளியாக இருந்தது. முன்னால் இருந்தவர்கள் நான் பின்னால் இருப்பதாகவும், பின்னால் இருந்தவர்கள் நான் முன்னால் இருப்பதாகவும் நினைத்துப் போய்விட்டார்கள்.

"ஏறும்," என்றார் கோப்பையண்ணை, தன் படகைக் காட்டி. "நான்தானே மினைக்கெடுத்தினது."

நல்ல வேகம். பாதித் தூரம் போனதும் இயந்திரம் ஒரு முறை விக்கி நின்றது. கோப்பையண்ணை அதைத் தூக்கிச் சாய்த்தார். மிதந்து திரிந்த பழைய வலைக்கயிறு விசிறியில் சுற்றி, மணலும் சிப்பியுமாகத் தேங்காயளவில் இறுகியிருந்தது. அன்று எனக்குத் தேங்காயோடுதான் கணக்கு.

எனக்கு நீந்தத் தெரியாது. இருந்த ஒரேயொரு மிதவைச் சட்டையைப் போட்டு, கூறைப்பெட்டியை அதற்குள் செருகி நாடாவை இறுக்கினேன். எட்டு மாதக் கர்ப்பிணியின் தோற்றம். காற்று எங்களை மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது.

"அண்ணை, உந்தப் பக்கம் இந்தியாவெல்லோ? என்னட்டப் பாஸ்போட் இல்லை."

"தாலி இருக்குத்தானே. அங்க ஒரு பொம்பிளை பாப்பம்."

முதலில் மரியாதைக்கு என் கத்தியால் அறுத்துப் பார்த்தார். உடைந்த பல்லுக்குள் கயிற்றின் நார் சிக்கி, கத்தியும் கயிறும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. பிறகு தன் கத்தியை எடுத்தார். மூன்று சுற்று அறுந்தது. மணலில் பட்டுக் கத்தி மொட்டையானது. மடியில் எப்போதும் கொண்டுதிரியும் தன் கோப்பையை எடுத்துப் பத்து இழுவை. இன்னும் மூன்று சுற்று. திரும்பவும் பத்து இழுவை. நான் எல்லாத் தெய்வங்களையும் ஒழுங்கு தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு அலை அடித்தது. கோப்பை கை நழுவிக் கடலுக்குள் போனது.

கோப்பையண்ணை என் காலடியைப் பார்த்தார்.

"அதுக்குள்ள என்ன?"

"அது பரிசு அண்ணை."

"பரிசைக் குடுக்கிறதெண்டாலும் கரைக்குப் போகவேணுமெல்லோ."

நானே பெட்டியைக் கிழித்தேன். ஒரு கோப்பையில் கூர் ஏற்றினால் போதும்தான். ஆனால் அவர் ஆறையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முறை தீட்டிப் பார்த்து, எது திறம் என்று எனக்கு விளக்கினார். இந்தியா வந்துகொண்டிருந்தது. மூன்றாவதுதான் திறமாம்.

கடைசிச் சுற்று அறுந்து இயந்திரம் உறுமியபோது நான் அழுதேன். கடல் தண்ணீர் தெறித்தது என்று அவரிடம் சொன்னேன்.

மண்டபத்துக்குள் ஓடும்போது பதினொன்று இருபத்தைந்து. ஐயர் மந்திரத்தை மிட்டாய்ப்பாகு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். நான் மிதவைச் சட்டையோடு மணவறைக்கு முன் நின்று வயிற்றிலிருந்து கூறையை எடுத்த படம் இன்றும் அக்காவின் சுவரில் தொங்குகிறது. தாலி நேரத்துக்கு ஏறியது.

பின்னேரம் மணப்பெண் கோப்பை ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்து, "மாமா, இது பாவிச்சதோ?" என்று கேட்டாள். அடியில் கறுப்பு வளையம். நான் கோப்பையண்ணையைத் தேடிப் போனேன். ஆளைக் காணவில்லை. சமையல்காரர்களில் மூன்று பேருடைய விரலில் துணி சுற்றியிருந்தது. என் கத்தியையும் காணவில்லை.

ஒரு மாதம் கழிந்து, வேலணையில் என் வீட்டு வாசலில் குறிகட்டுவான் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டர் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதியைத் தந்தார். அந்தக் கத்தி. இரண்டு பல் போன இடமும் தெரியவில்லை. சுற்றியிருந்த தாளை அது தானாகவே வெட்டிக்கொண்டு வந்திருந்தது.

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் இதோடதான் இருந்தவர்," என்றார் கண்டக்டர். "கடையில ஒரு கோப்பையும் மிச்சமில்லை. இனித் தேங்காயில போடவேண்டாமாம்."

தேங்காயில் மட்டுமல்ல, நான் அதை எதிலும் போடவில்லை. மனைவி கேட்டால் இன்னொரு கத்தியை எடுத்துக் கொடுப்பேன். அது அலுமாரியில் அதே தாளில் இருக்கிறது, கூர் குறையாமல். ஒரு மனிதருடைய ஒரு மாதத்துப் பின்னேரங்களை வெங்காயத்தில் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.