மன்னரின் முந்நூறு தப்படி

மேழிநாட்டில் மன்னரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். மிச்ச நாட்களில் வருந்தினார்கள்.

தலைநகரில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான மண்கோட்டை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி முந்நூறு தப்படிக்குள் யாரும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்பது சட்டம். தப்படி என்றால் ஆளும் மன்னரின் தப்படி. பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் மன்னர் நடப்பார். தொன்மைக் காவல் அதிகாரி பூதலிங்கம் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போவார்.

போன மன்னர் நெட்டை. அதனால் கோட்டைக்குக் கிழக்கே இருந்த இட்லிக்கடை வடிவம்மையின் வீடு எல்லைக்குள் மாட்டிக்கொண்டு, ஐந்து வருடமாகக் கூரை ஒழுகியது. புதிய மன்னர் குள்ளம். ஓடு மாற்றிவிடலாம் என்று வடிவம்மை நம்பினாள்.

மன்னர் கிழக்கே தாவித் தாவி நடந்தார்.

"என்னய்யா, முயலாட்டம் போறாரு?" என்றாள் வடிவம்மை.

"பாரம்பரியத்து மேல பற்றும்மா. கட்டுப்படுத்த முடியல" என்றார் பூதலிங்கம்.

வீடு மறுபடியும் உள்ளே. மேற்கில் மன்னரின் மைத்துனர் கல்யாண மண்டபத்துக்கு இடம் பார்த்திருந்தார். அங்கே மன்னர் ஒரு பாதத்தை மறு பாதத்தோடு ஒட்டி ஒட்டி வைத்து நடந்தார். எல்லை அகழியோடு முடிந்தது.

வடிவம்மை கூரைமேல் தார்ப்பாய் விரித்தாள். கோட்டையின் அழகுக்குக் களங்கம் என்று அகற்றினார்கள். ஒழுகுமிடத்தில் பாத்திரம் வைக்க மட்டும் அனுமதி கிடைத்தது; காலத்துக்குப் பொருத்தமாக அது மண்பானையாக இருக்க வேண்டும்.

மண்டபம் எழுந்தது. வண்டி நிறுத்த இடமில்லை. அமைச்சரவை கூடி, கோட்டைக்கு மழையாலும் வெயிலாலும் ஆபத்து என்று மிகவும் கவலைப்பட்டது. இனி எவராலும் சேதப்படுத்த முடியாதபடி அதைத் தரைமட்டமாக்கிப் பாதுகாத்தது.

"கோட்டையே போயிடுச்சே. இப்பவாவது நாலு ஓடு மாத்திக்கவா?" என்று கேட்டாள் வடிவம்மை.

"கோட்டைதானம்மா போச்சு, சட்டம் இருக்கே. நடுவுல பழசா ஏதாவது ஒண்ணு இருந்தாகணும்."

பூதலிங்கம் சுற்றிலும் பார்த்தார். பாசி படர்ந்த சுவர், இற்றுப்போன உத்தரம், ஏழு மழைக்காலம் கண்ட கூரை. அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் வடிவம்மையின் வாசலில் பலகை நட்டார்கள்: பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம். உள்ளே யாரும் வசிக்கக் கூடாது.

"அப்ப நான் எங்கய்யா போறது?"

பூதலிங்கம் சட்டப் புத்தகத்தை நெடுநேரம் புரட்டினார்.

"காலையில பத்துலேர்ந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும் நீங்களும் வந்து பார்க்கலாம். சீட்டு வாங்கணும். மழை பெய்யிற அன்னிக்கு மட்டும் இலவசம்."