பிப்ரவரியில் நடந்த கோடைக் கண்காட்சி

மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் ஹால்வர்டால் மாவட்டத்தில் பருவங்கள் நான்கு. இது கடவுள் செய்த ஏற்பாடு என்று லூத்தரன் சபையாரும், பூமி சாய்ந்து சுற்றுவதால் வந்த ஏற்பாடு என்று பள்ளிக்கூட வாத்தியார்களும் நம்பிவந்தார்கள். கிராமப்புற இளைஞர் மேம்பாட்டுத் திட்டத்தின் மாவட்ட அலுவலகம் தலையிடும்வரை அந்த ஏற்பாட்டில் குறை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

திட்டத்துப் பிள்ளைகள் வசந்தத்தில் மேப்பிள் மரங்களில் வாளி கட்டிப் பாகு எடுப்பார்கள். இலையுதிர்காலத்தில் வயசானவர்கள் வீட்டு முற்றங்களில் சருகு வாருவார்கள். குளிர்காலத்தில் சறுக்குவண்டி, உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன்பிடிப்பது. எல்லாவற்றுக்கும் சிகரம் ஜூலையில் வரும் மாவட்டக் கண்காட்சி. தாங்கள் வளர்த்த ஆடு, மாடு, பன்றி, பூசணிக்காய் எல்லாவற்றையும் கொண்டுவந்து பிள்ளைகள் பரிசுக்கு நிறுத்துவார்கள். இவற்றை நடத்திவைப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். சம்பளம் இல்லாததால் இவர்களை வேலையைவிட்டு நீக்கவும் முடியாது, இவர்களாக நின்றுகொள்ளவும் முடியாது.

ஓர்வில் ஸ்கோக்ஸ்டாட் அப்படி அகப்பட்டுக்கொண்டவர்களில் ஒருவர். செம்மறியாட்டுக் கொட்டகைக்குப் பொறுப்பு. அவருடைய மகள் மாரிட் பால்பல் விழாத வயதிலிருந்து கண்காட்சியில் ஆடு நிறுத்திவருகிறாள். ஆட்டை நிறுத்தும் திறமைக்கு ஒரு தனிப் போட்டி உண்டு. அதில் நடுவர் வாயால் எதையும் அறிவிக்கமாட்டார். பிள்ளைகள் ஆட்டோடு நிற்கும் வளையத்துக்குள் இங்குமங்கும் நடந்துவிட்டு, ஜெயித்த பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்குவார். அவ்வளவுதான், கூட்டம் எழுந்து கைதட்டும். மாரிட்டின் பக்கத்தில் நின்ற கைகளெல்லாம் குலுக்கப்பட்டிருக்கின்றன, அவள் கை மட்டும் பாக்கி. அடுத்த வருஷ இலையுதிர்காலத்தோடு திட்டத்தில் இருக்கும் வயது அவளுக்கு முடிகிறது. ஆக, அந்தக் கைகுலுக்கலுக்கு இன்னும் ஒரே ஒரு கண்காட்சிதான் மிச்சம்.

இந்த நிலைமையில்தான் அக்டோபர் மாதம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தன்னார்வலர் கூட்டம் கூடியது. புதிதாக வந்திருந்த ஒருங்கிணைப்பாளர் டெலேனி க்ராஃப்ட் தலைநகரத்தில் படித்தவர். நல்ல பெண், சுறுசுறுப்பானவர். சமநிலை என்ற சொல் மட்டும் அவரை எங்கோ ஒரு பயிற்சி முகாமில் பிடித்துக்கொண்டது, பிறகு விடவில்லை. சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஜூலையில் ஒரு மலை, பிப்ரவரியில் ஒரு பள்ளம்.

"இதப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"ஜூலைல வேலை ஜாஸ்தி" என்றார் பன்றிக் கொட்டகை ஹார்லன்.

"அதான் நோய்! கோடைல நீங்க எல்லாரும் களைச்சுப் போறீங்க. குளிர்காலத்துல உங்க தன்னார்வம் வீணாப் போகுது. அதனால பருவகாலச் சமநிலைத் திட்டம். கண்காட்சிய பிப்ரவரிக்குக் கொண்டுபோறோம். சறுக்குவண்டிய ஜூலைக்கு மாத்துறோம். மலையும் இல்ல, பள்ளமும் இல்ல. எல்லாரும் மனசுவிட்டுச் சொல்லுங்க, யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

இங்கே ஹால்வர்டால்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்கள் யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசமாட்டார்கள். விருந்தில் தட்டில் கடைசித் துண்டு கேக் மிஞ்சினால் அதை எடுக்கமாட்டார்கள். பாதி வெட்டி எடுப்பார்கள், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி, கடைசியில் ஒரு துணுக்கு தட்டிலேயே கிடந்து காயும். பக்கத்து வீட்டுக்காரன் தன் வண்டியை இவர்கள் கால்மேல் ஏற்றி நிறுத்தினால், இன்றைக்கு நல்ல வெயில் என்பதில் ஆரம்பித்து மெதுவாகக் காலுக்கு வருவார்கள்.

ஆகவே எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"புதுசாத்தான் இருக்கு" என்றார் ஹார்லன்.

"நாங்க இப்படி யோசிச்சதே இல்ல" என்றார் பலகாரப் போட்டிக்குப் பொறுப்பான லவோன் அம்மாள்.

"யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார் ஓர்வில், கொஞ்சம் கடுமையாகவே.

டெலேனிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு ஆதரவ நான் எதிர்பாக்கவே இல்ல" என்றார். ஏகமனதாக நிறைவேறியது.

பிறகு வாகனம் நிறுத்தும் இடத்தில், இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, உண்மையான கூட்டம் நடந்தது.

"அந்தப் பொண்ணுக்கு மூளை கீளை பெசகிப் போச்சா?" என்றார் லவோன் அம்மாள்.

"சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஏம்ப்பா ஓர்வில், நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் ஹார்லன்.

"நான்தான் சொன்னேனே. யோசிக்க வேண்டிய விஷயம்னு."

"ஆமா, நீ கொஞ்சம் காரமாத்தான் பேசிட்ட" என்று ஹார்லன் ஒப்புக்கொண்டார். "அவங்க மனசு நொந்திருக்கும்."

வீட்டில் மாரிட் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பிப்ரவரில ஏதுப்பா ஆடு? நம்ம குட்டியெல்லாம் ஜனவரி கடைசிலதானே பொறக்குது?"

"ஆமா."

"பால்குடிக் குட்டிய எப்படி நிறுத்துறது? நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிக்க வேண்டிய விஷயம்னேன்."

"அப்படின்னா?"

"அப்படின்னா கூடவே கூடாதுன்னு அர்த்தம்."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

ஓர்விலுக்குச் சோறு இறங்கவில்லை. பெண் சொல்வதில் நியாயம் இருந்தது. பல நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்து, நவம்பரில் ஒருநாள் காலை மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். போனவர், படியில் பனி கொட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, முதலில் அதை வாரித் தள்ளினார். பிறகு உள்ளே போய் ஒரு ஜாடி தேனைக் கொடுத்தார். பிறகு தன் கோபத்தைத் தெரிவித்தார்.

"குட்டிங்க ஜனவரிலதான் பொறக்கும்" என்றார்.

டெலேனி அக்கறையோடு குறித்துக்கொண்டார். "அத முன்னாடியே நகத்த முடியாதா? செப்டம்பர் மாதிரி?"

"அதுக்குக் கிடா ஒத்துக்கணுமே. அதுங்களுக்குன்னு ஒரு காலம் இருக்கு."

"திட்டம் மாறினத கிடாக்களுக்குத் தெரியப்படுத்தியாச்சா?"

ஓர்வில் யோசித்துப் பார்த்தார். "முறைப்படி இல்ல."

"அங்கதான் தப்பு நடக்குது. சம்பந்தப்பட்டவங்கள ஆரம்பத்திலேயே கலந்து பேசணும். இந்த வருஷம் தாமதமாயிடுச்சு, பரவால்ல. ஆனா ஒண்ணு, கிடா நம்ம திட்டத்துக்காகச் சம்பளம் வாங்காமச் சேவை செய்யுது இல்லையா? அப்ப அதுவும் தன்னார்வலர்தான். பின்னணிச் சரிபார்ப்பு வேணும். அதுமேல முன்னால ஏதாவது புகார் உண்டா?"

"வேலியத் தாண்டியிருக்கு" என்றார் ஓர்வில். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

டெலேனியின் முகம் இருண்டது. அந்தக் கிடா விசாரணை முடியும்வரை சேவையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டது. கிடாவுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. பால்குடிக் குட்டிகளுக்காக வளர்ச்சி மனப்பான்மை என்ற புதுப் பிரிவு ஒன்று அங்கேயே தொடங்கப்பட்டது. இந்தப் பிரிவில் ஆடு எவ்வளவு எடை இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு எடை வர விரும்புகிறது என்பதே கணக்கு. ஓர்வில் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

பிப்ரவரி வந்தது. எச்சில் துப்பினால் தரையில் விழும்போது சத்தம் கேட்கிற குளிர். கண்காட்சியின் தேதிதான் மாற்றப்பட்டிருந்தது, விதிகள் மாற்றப்படவில்லை. விதிகளை மாற்ற ஒரு குழு வேண்டும், அந்தக் குழு ஜூலையில்தான் கூடும். எனவே வெயிலின் கொடுமையிலிருந்து பிராணிகளைக் காக்க ஒவ்வொரு பட்டிக்கும் மின்விசிறி கட்டாயம் என்ற விதி அப்படியே இருந்தது, மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றின. எலுமிச்சைச் சாறு விற்கும் பிள்ளைகள் அதை உளியால் வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். காய்கறிப் பிரிவில் பூசணிக்காய்க்குப் பதிலாகப் பூசணி விதைகள் தட்டில் வைக்கப்பட்டிருந்தன. முதல் பரிசு பெற்ற விதை மிகவும் நம்பிக்கையூட்டுவதாக இருந்ததாக நடுவர் எழுதியிருந்தார்.

செம்மறிகளுக்கு விதி, ரோமம் முழுவதும் கத்தரித்து நிறுத்தவேண்டும் என்பது. ரோமம் கத்தரித்த பிராணியை உறைகுளிரில் போர்வையில்லாமல் நிறுத்தக்கூடாது என்பது இன்னொரு விதி. ஹால்வர்டால்காரர்கள் இரண்டு விதிகளுக்கும் கட்டுப்பட்டார்கள். பிறந்து சில நாளே ஆன குட்டிகளின் ரோமத்தைக் கத்தரித்தார்கள். பிறகு அந்தக் குட்டிகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னினார்கள். லவோன் அம்மாள் தலைமையில் தாய்மார்கள் கிறிஸ்துமஸிலிருந்து ஊசியைக் கீழே வைக்கவில்லை. களைப்பைக் குறைக்கவே கண்காட்சி மாற்றப்பட்டது என்பதைச் சிலர் நினைத்துக்கொண்டார்கள், சொல்லவில்லை.

நடுவர் லுட்கே வளையத்துக்குள் வந்தார். சட்டைக்குள்ளே ஆடு எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கத்தின்படி முதுகைத் தடவிப் பார்த்தார். "நல்ல நெருக்கமான பின்னல்" என்றார் ஒரு பையனிடம்.

மாரிட் குனிந்து தன் குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை. மற்ற குட்டிகள் கத்திக்கொண்டு தாயைத் தேடின. இது மட்டும் நாலு காலையும் ஊன்றிச் சிலையாக நின்றது. லுட்கே இரண்டு தரம் சுற்றிவந்தார். அவர் முகம் மலர்ந்தது. வலதுகைக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

மரப்படிகளில் உட்கார்ந்திருந்த ஓர்வில் அந்தக் கையையே பார்த்தார். இத்தனை வருஷம் காத்திருந்த கை. எழுந்து நின்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து டெலேனி ஒலிவாங்கியோடு வளையத்துக்குள் ஓடிவந்தார். "மாரிட், இது உன்னோட கடைசி வருஷம். முதல் குளிர்காலக் கண்காட்சி எப்படி இருக்குன்னு நீயே எல்லாருக்கும் சொல்லேன்!"

மாரிட் நடுவரின் கையைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள்.

"என் குட்டி சும்மா நிக்கல, வெறச்சுப் போயிருக்கு" என்றாள். "இது முட்டாள்தனங்க. ஆடு ஜூலைல வளந்திருக்கும், ஜூலைலதான் நிறுத்தணும். இங்க இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்."

கைதட்டத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. மின்விசிறிகள் மட்டும் சுற்றின. ஒரு பெண்பிள்ளை, ஒலிவாங்கியில், முகத்துக்கு நேரே! லவோன் அம்மாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். அதே வார்த்தையை அதைவிடக் காரமாக அவர் அக்டோபரிலேயே சொல்லியிருந்தார், ஆனால் அது வாகனம் நிறுத்தும் இடத்தில்.

கோபப்படாமல் இருந்த ஒரே ஆள் டெலேனிதான். அவர் உண்மையிலேயே அதிர்ந்து போயிருந்தார்.

"ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?" என்றார். "நான் கேட்டேனே? சரி, இப்பக் கேக்கறேன். இவ சொல்றது உங்க எல்லாருக்கும் சரின்னு தோணினா இன்னிக்கே மாத்திடறேன். வர்ற ஜூலைலயே பழையபடி கண்காட்சி நடத்திடலாம். மாரிட்டும் கலந்துக்கலாம். சொல்லுங்க. ஹார்லன்?"

ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்தார். "அது... அவ்வளவு மோசம்னு சொல்லமுடியாது. காத்தோட்டமா இருக்கு."

"லவோன்?"

"ஐயோ, எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா. நீங்க பாவம் எவ்வளவு பாடுபட்டிருக்கீங்க."

"ஓர்வில்? நீங்க அவளோட அப்பா. நீங்க சொன்னா போதும்."

மாரிட் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள். கூட்டமும் திரும்பிப் பார்த்தது. ஓர்வில் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார், எழுந்திருக்கிற சிரமம்கூட அவருக்கு இல்லை. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது தொண்டைவரை வந்தது. டெலேனியின் மூக்கு குளிரில் சிவந்து, கண் ஈரமாகி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"அவ காலைல சரியா சாப்பிடலீங்க" என்றார் ஓர்வில். "தப்பா எடுத்துக்காதீங்க."

கொட்டகை முழுக்கப் பெருமூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள். நிறுத்தும் திறமைப் போட்டியில் நன்னடத்தைக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், லுட்கே கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். சற்று நேரம் நடந்துவிட்டு, அதைக் கழற்றாமலே ஹார்லனின் பையன் கையைக் குலுக்கினார். ஒரு கருத்து வேறுபாடு எழுந்ததாகவும் அது ஏகமனதாகத் தீர்க்கப்பட்டதாகவும் டெலேனி தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பக்கத்து மாவட்டங்களும் இம்முறையைப் பின்பற்றவேண்டுமென்று அங்கிருந்து உத்தரவு வந்தது வேறு விஷயம்.

வெளியே வண்டிக் கண்ணாடியிலிருந்த பனியை ஓர்வில் சுரண்டிக்கொண்டிருந்தபோது லவோன் அம்மாள் வந்தார். முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். "உன் பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு சரி. தங்கம்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் ஹார்லன் வந்தார். "என் பையனுக்கு அந்தப் பரிசு ஒட்டாதுப்பா. மாரிட்டோடதுதான் அது. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாத." அதன்பிறகு லுட்கேயே வந்தார். கையுறையைக் கழற்றி ஓர்விலின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வேகமாக நடந்தார். ஓர்விலுக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் வண்டிக்குள் ஏறினார். மாரிட் சூடாக்கியைத் தன் பக்கம் திருப்பிவைத்து, குட்டியை மடியில் போட்டுக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அது மெல்ல அசைய ஆரம்பித்திருந்தது.

"வரிசையா வந்து என்னவோ சொல்லிட்டுப் போனாங்களே" என்றாள், நிமிராமலே. "என்னப்பா சொன்னாங்க?"

உள்ளதைச் சொன்னால் அவர்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். மூன்று பேருமே நல்ல மனுஷர்கள். ஓர்வில் வண்டியைக் கிளப்பினார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "ராத்திரி இன்னும் குளிருமாம்."