மூன்று நீங்கலாக

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் அது அவருடைய ஊகம். நீங்கள் நலமா, சித்தியின் முழங்கால் தேவலையா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

உங்கள் பத்தாம் வகுப்புக் கணித வழிகாட்டி. பதினான்காம் கணக்கு. x²−9ஐ x−3ஆல் வகுக்க வேண்டும். விடை x+3. சரி. x-க்கு எதையெல்லாம் போடலாம் என்ற மதிப்பகத்தில், எல்லா மெய்யெண்களும். தவறு. x-க்கு 3 போட்டால் கீழே இருக்கும் பகுதி பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று முப்பத்தொரு வருடம் பள்ளியில் நீங்களே கத்தியிருக்கிறீர்கள். மெய்ப்பில் ‘3 நீங்கலாக’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினீர்கள்.

கேட்க வந்தேன். தட்டச்சு செய்யும் அக்காவின் முன்னால் சிரித்தீர்கள்.

“மேலயும் கீழயும் x−3ஐ அடிச்சாச்சேம்மா. இப்ப அங்க யாருமில்ல. இல்லாத ஆளுக்கு எதுக்குப் பயப்படணும்?”

“அடிக்கிறதுக்கு முன்னாடி இருந்தாங்களே, சித்தப்பா.”

பல்கலைக்கழகம் போன திமிர் என்றீர்கள். அக்கா தலையாட்டினார். அவருக்குச் சம்பளம் தருவது நீங்கள். ஆட்டட்டும்.

பிறகு நடந்தது இது. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று, அச்சில் இருந்தது வேறொன்று, அச்சுதான் சரி என்று என் டியூஷன் பிள்ளைகள் நாற்பது பேரும் தீர்மானித்து, தேர்வில் அதே கணக்கு வர, உங்கள் தவறை எழுத்து மாறாமல் எழுதிவைக்க, திருத்திய ஆசிரியை இது காப்பிதான் என்று முடிவுகட்டி, பெற்றோர்களை வரவழைக்க, அவர்கள் என்னை வரவழைக்க, தலைமையாசிரியர் உங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து விரலால் தட்டினார். ‘சரிபார்த்தவர்’ என்று என் பெயர். உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அது உங்கள் பெருந்தன்மையாம். டியூஷனில் இப்போது பதினொரு பேர்.

இரண்டாம் பதிப்பு திங்கட்கிழமை அச்சேறுகிறது. 3-ஐ விலக்குங்கள். இல்லையென்றால் என் பெயரை விலக்குங்கள். கணக்குத் தெரியாதவரின் புத்தகத்தில் நான் இருக்க முடியாது.

சித்திக்கு என் அன்பு முழுவதும். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், வேறு தவறும் கிடைக்குமென்று பழைய மெய்ப்பைப் புரட்டினேன். பதினைந்தாம் கணக்கு. (x+1)/(x−4)ஐ (x−2)/(x+5)ஆல் வகுக்க வேண்டும். விலக்கப்பட்ட மதிப்புகள் 4, 2, −5 என்று உங்கள் கையெழுத்து. சரியான விடை. தலைகீழாக்கிப் பெருக்கியதும் x+5 மேலே போய்விட்டது, இனி அதனால் தொல்லை இல்லை என்று −5ஐச் சிவப்பு மையில் அடித்திருப்பது நான். அதை நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றிருக்கிறீர்கள்.

அச்சகத்துக்குப் போன் செய்தேன். பதினான்கில் 3, பதினைந்தில் −5, இரண்டையும் விலக்கச் சொன்னேன். சாரைக் கேட்டீங்களா என்றார்கள். கேட்டாச்சு என்றேன். பெயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.