மாமாவின் கபுறுக்குள் என் மந்திரவாதி

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் அடக்கஸ்தலமான மையவாடியில் இருந்தவர்கள்: தல்கீன் ஓத வந்த மௌலவி, என் மனைவியின் ஒரே சகோதரர் ரிபாய் மச்சான், மாமாவின் தம்பி இஸ்மாயில் சின்ன மாமா (நெஞ்சு வருத்தக்காரர்), கபுறுக்குழி வெட்டும் கலந்தர், பள்ளிவாசல் ஜமாஅத்தார், நான். சந்தூக்குப் பெட்டியில் என் மாமனார். என் சட்டைப் பையில் ஒரு மந்திரவாதி. எங்கள் பக்கத்தில் பெண்கள் அடக்கத்துக்கு வருவதில்லை என்பதால் என் மனைவி சிபானா வீட்டிலேயே இருந்தாள். அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மந்திரவாதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த பிறவி. மில்லில் ஒரு நெல்மூட்டையை மூன்று தரம் நிறுப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பரீட்சைப் பயத்தில்தான். இப்படிப்பட்ட நான், போனில் பலபேர் சேர்ந்து விளையாடும் அந்த உலகத்தில் மட்டும் நீலத் தாடி வைத்த மந்திரவாதி. கையை உயர்த்தினால் மின்னல் இறங்கும். அரக்கர்கள் ஓடுவார்கள். (எதிர்வீட்டு நாய் என்னைக் கண்டு ஓடாது, நான்தான் ஓடுவேன்.) எங்கள் படைத் தலைவன் மருதமுனையில் கோழிக்கடை வைத்திருக்கிறான். கோட்டையின் தலைமை மந்திரவாதி என்ற பதவியை எனக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்தப் பதவிக்குப் பழைய போன் தாங்காது. புதியதுக்கு மாமாவிடம் கைமாற்றாகக் கேட்டேன். என்னத்துக்கு என்றார். “ஒன்லைன்ல ஒரு வேலை மாமா, பாதுகாப்புப் பிரிவு” என்றேன். கோட்டையைக் காப்பதும் பாதுகாப்புத்தானே. மாமா எண்ணித் தந்தார். “காசு தந்தத ரிபாய்க்கும் சிபானாக்கும் இப்ப சொல்லாத. கையில சம்பளம் வந்த மறுகா சொல்லுவம்” என்றார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கேட்பார்: “மகன், புரமோஷன் வந்திட்டா?”

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் அதையே கேட்டார். “வெள்ளிக்கிழமை மாமா” என்றேன். கோட்டைப் போர் வெள்ளிக்கிழமை மாலைதான். வெள்ளிக்கிழமை காலை மாமா மௌத்தாகிவிட்டார்.

மதியம் ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கியிருந்தால் எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது. ரிபாய் மச்சான் கொழும்பிலிருந்து வந்து சேர வேண்டியிருந்ததால் அஸருக்குத் தள்ளினார்கள். போரும் அந்நேரம்தான். ‘வந்துவிட்டேன்’ என்ற பொத்தானை அமத்தாவிட்டால் பதவி வேறொருவனுக்குப் போய்விடும். மாமாவிடம் சொன்ன பொய்யில் ஒரு நூலையாவது உண்மையாக்குவோம் என்று மையவாடி மதிலோரம் ஒதுங்கி அமத்தினேன். போனைப் பையில் போட்டேன். படையின் குரல் இணைப்பும் கூடவே திறந்துகொண்டது எனக்குத் தெரியாது. மில் இரைச்சலில் கேட்க வேண்டுமென்று சத்தத்தை எப்போதும் உச்சத்தில் வைத்திருப்பவன் நான்.

மையித்தைக் கீழே வாங்க மூன்று பேர் கபுறுக்குள் இறங்க வேண்டும். கலந்தர் கையைக் காட்டினார்: “மருமகன் இறங்குங்க, நீங்க மெலிஞ்ச ஆள்.” இறங்கினேன். குனிந்து மாமாவின் கால்மாட்டை வாங்கியபோது கண் தெரியாத அளவுக்கு அழுதுகொண்டிருந்தேன். பையிலிருந்து என்ன விழுந்தது என்று யார் பார்த்தது. பலகை அடுக்கி, பாய் போட்டு, மண்ணைத் தள்ளினோம்.

மௌலவி தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதத் தொடங்கினார். கபுறுக்குள் கேள்வி கேட்க வருவோருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மையித்துக்கு நினைவூட்டும் ஓதல் அது. எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். நான் வழக்கம்போல் பையைத் தடவிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

அப்போது மண்ணுக்குள்ளிருந்து கோழிக்கடைக்காரன் பேசினான்.

“எங்க நிக்கிறாய்? செத்துப் போனியா? எழும்பி வாடா, எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கிறம்.”

பின்வரிசையில் நின்றவர்கள் மதில்வரை போய்விட்டார்கள். சின்ன மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கபுறின் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கட்டையில் சாய்ந்தார். கலந்தர் மட்டும் மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்தார். யாரை வெட்டுவதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

மௌலவி ஓதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “ஆர்ட போன்?”

“என்ட” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“கபுறுக்குள்ள பொருள் விழுந்தா தோண்டி எடுக்கச் சட்டம் இரிக்கி. எடுக்கப் போறியா, உட்டுக் குடுக்கிறியா?”

ரிபாய் மச்சான் முன்னால் வந்தார். “வாப்பாவத் தோண்டக் கூடாது மௌலவி.”

“மண்டைய உடைச்சிட்டானுகள், தீ வைக்கிறானுகள்” என்றது கபுறு.

மச்சான் கண்ணை மூடினார். “தோண்டுங்க” என்றார்.

கால்மாட்டுப் பக்கம் மட்டும் மண்ணை விலக்கி ஒரு பலகையைத் தூக்கினார் கலந்தர். நானே மறுபடி இறங்கினேன். போன் மாமாவின் கபன் துணிக்குப் பக்கத்தில் வெளிச்சம் விட்டுக்கொண்டு கிடந்தது. திரையில் என் மந்திரவாதி தாடி கருகிச் செத்துக் கிடந்தான். கீழே ஒரு பச்சைப் பொத்தான்: மீண்டும் எழுவாயா? அந்தக் குழிக்குள் மாமாவின் பாதத்தடியில் குந்திக்கொண்டு அதை வாசித்தேன். பக்கத்தில் கிடந்தவருக்கு அப்படி ஒரு பொத்தானும் இல்லை. போனை நிறுத்தினேன்.

மேலே வந்ததும் மச்சான் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “மில் சம்பளத்துல இதெப்பிடி வாங்கின?”

நான் வாய் திறக்கமுன் சின்ன மாமா, நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “காக்காதான், உன்ட வாப்பாதான், காசு குடுத்த. மருமகனுக்கு ஒன்லைன்ல பெரிய வேலையாம், புரமோஷன் வரப் போகுதாம். ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச மனிசன்.”

மச்சான் என்னைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். “இதா வேலை?”

“ஓம்” என்றேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன் ‘மௌத்தாகியவரோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் வாரிசுகளிடம் கதையுங்கள்’ என்று மௌலவி அறிவித்தபோது முதல் வரிசையில் வாய்மூடி நின்றவன் நான். ஜமாஅத்தாரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அது ஞாபகம் வந்தது. முகங்களில் தெரிந்தது.

செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அது மாமா கட்டி சிபானாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. வாசல் படலையில் சிபானா நின்றாள். அழுது வீங்கிய முகம். விலகவில்லை.

“வாப்பா மௌத்தாகக்குள்ளயும் அதத்தான் நினைச்சிக் கிடந்தாரு” என்றாள். “எனக்கிட்டயும் கேட்டாரு, புருசனுக்குப் புரமோஷன் வந்திட்டான்னு.”

என் உம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான் என்று நின்றேன். மாமிதான் உள்ளேயிருந்து, “வாசல்ல ஆக்கள் வாறாங்க புள்ள, உடு” என்றார். அவள் ஓர் ஆள் நுழையும் அளவு மட்டும் ஒதுங்கினாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. இப்போது வீட்டில் யார் குளியலறையில் நேரமெடுத்தாலும் பிள்ளைகள் கதவைத் தட்டி, “எழும்பி வாடா, எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கிறம்” என்கிறார்கள். மச்சானும் சிரிக்கிறார். சிபானா சிரிப்பதில்லை.

எழுபத்திரண்டாயிரம் ரூபாய்க் கடன் வாரிசுகளுக்குரியதாகிவிட்டது. (என்னுடையது பின்னக் கணக்கு ஏறாத தலை என்பதால் மௌலவி புளியங்கொட்டை வைத்துப் பங்கு பிரித்துக் காட்டினார்.) எட்டில் ஒன்று மாமிக்கு, மன்னித்துவிட்டார். மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. மச்சானுடையதை இரண்டு நெற்போகத்தில் கட்டி முடித்தேன். சிபானாவிடம் காசை எத்தனையோ தரம் நீட்டிவிட்டேன். வாங்கவும் மாட்டாள், மன்னித்தேன் என்று சொல்லவும் மாட்டாள். “கிடக்கட்டும்” என்பாள்.

இன்னும் கிடக்கிறது, இருபத்தோராயிரம் ரூபாய்.