துக்கம் கேட்க வந்த மோப்பம் சார்

பொய் எழுதினால் மோப்பம் சாருக்கு வாடை தெரிந்துவிடும் என்று நாற்பத்தேழு வயதில் மனதார நம்பினேன். நான் மட்டுமல்ல, கோவைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் கதை எழுதப் பழகிய பதினோரு பேருமே நம்பினோம்.

என்னைவிட இளையவர்தான், நாங்கள் மோப்பம் சார் என்று பட்டப்பெயர் வைத்த எங்கள் ஆசிரியர். எந்தத் தாளையும் மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துப் படிப்பார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்குவார். வால்பாறை மழையில் நனைந்ததாக எழுதிய பெண்ணிடம், "நீங்க நனையவே இல்லீங்களே அம்மணி" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து பஜ்ஜி தின்றதை அவள் ஒப்புக்கொண்டாள். காதல் தோல்வி எழுதிய வங்கிக்காரரிடம், "இது பக்கத்தூட்டுக் கதைங்களா?" என்றார். மனிதர் அடுத்த வாரம் வரவில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம், பம்ப்செட் உதிரிபாகம் விற்கிற நான், அப்பா இறந்ததை எழுதிக் கொடுத்தேன். அப்பா அந்நேரம் வீட்டில் இரண்டாவது தட்டுப் பணியாரத்தில் இருந்தார்.

தாள் மூக்குக்குப் போனது. வெகுநேரம் இறங்கவில்லை.

"ஏனுங்ணா, ஒரு வார்த்தை சொல்லலீங்களே. நாளைக்கு ஊட்டுக்கு வாரேனுங்க. துக்கம் கேக்காம இருக்க முடியுங்களா?"

அப்பாவுக்கு எண்பத்தொன்று. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். தான் செத்துப்போன செய்தியை வாசலில் நின்று கேட்டாரானால் என் கதை உண்மையாகிவிடும். இரவு முழுக்க என் நாடியைத்தான் நான் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அவரைப் பொள்ளாச்சி அத்தை வீட்டுக்குக் கிளப்பப் பார்த்தேன்.

"நீ போய்ட்டு வா. எனக்கு இங்க சோலி கெடக்குது" என்று வெள்ளை வேட்டியோடு முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். சார் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"வாங்க தம்பி. நான் எதுலங்க போய்ச் சேர்ந்தேன்?" என்றார் அப்பா.

"மாரடைப்புங்க."

"படிங்க, கேப்போம்."

சார் தாளை மூக்கில் வைத்து முழுக்கப் படித்தார். அப்பா குறுக்கே ஒன்றுதான் கேட்டார்.

"இவன் அழுதானுங்களா?"

"ரெண்டு பக்கத்துக்கு அழுதிருக்காருங்க."

"அப்பச் செரி."

அதற்குப் பிறகு எந்தக் கதையிலும் நான் யாரையும் கொன்றதில்லை.

சார் போனதும் அம்மா விஷயத்தை உடைத்தாள். அவருக்குக் கிட்டப்பார்வை, அவ்வளவுதான். மோப்பமெல்லாம் கிடையாது, வகுப்பில் சொன்னதெல்லாம் குத்துமதிப்பு. என் கதையை வரிக்கு வரி நம்பி, சனிக்கிழமை மதியமே அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது அப்பா. சார் பேச முடியாமல் அழுதாராம். செத்தது தான்தான் என்று சொல்லி, மறுநாள் கதையோடு வரச் சொல்லி, அப்பாதான் அரை மணி நேரம் அவரைத் தேற்றினாராம்.