நாற்பத்து மூன்று படங்களில் இல்லாத வீடு

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். முழங்கால் நலமில்லை, ஆனால் அதைத் தனியாக விசாரிக்க இங்கே ஆள் இல்லாததால் மொத்தமாக நலம் என்றே எழுதிவிட்டேன். நீ, அத்தான், மகள், மருமகன், பதினோராவது மாடி எல்லாம் சௌக்கியம்தானே? கையில் ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய், இல்லாவிட்டால் அழுவாய். எது நடந்தாலும் மீதியை என்னால் சொல்ல முடியாது.

விஷயம் நீ கேட்ட படம்தான். மூன்று மாதத்துக்கு முன்பு, "ஜன்னலைத் திறந்தா எதிர் பில்டிங் சுவருதாண்டா தெரியுது, நம்ம குவார்ட்டர்ஸை இடிக்கிறதுக்குள்ள நாம நின்னு பார்க்கிற அந்த எதிர்க் கரையில இருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, பெரிசா மாட்டிக்கிறேன்" என்றாய். இந்த மாதக் கடைசியில் இடிக்கிறார்கள். நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் பம்ப் ஹவுஸ், அதற்குப் பின்னால் மரங்கள், மரங்களுக்கு நடுவில் சிவப்பு ஓடு போட்ட நம் வீடு. அப்பா மோட்டார் ஓட்டிய காலத்தில் நாம் இருந்த வீடு. இதில் என்ன கஷ்டம் என்று கேமரா வாங்கினேன். வாங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். நம் பல் டாக்டர் நடத்துகிற புகைப்படக் குழுவில் போய்ச் சேர்ந்தேன். அவர், பல்லைப் பிடுங்கிக்கொண்டே, எடுத்த படத்தை அப்படியே அனுப்பக்கூடாது, கம்ப்யூட்டரில் போட்டு நிறத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றார். வாய் திறந்திருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை. சரிசெய்தேன். எனக்குப் பச்சை என்று தோன்றும்வரை இழுத்து இழுத்துச் சரிசெய்து உனக்கு அனுப்பினேன். நீ உடனே ஃபோன் போட்டு, "ஏண்டா, கரையெல்லாம் தீப்பிடிச்சு எரியுது, நீ நின்னு படமா எடுத்துக்கிட்டிருந்தே?" என்று கேட்டாய். அதே படத்தைக் குழுவில் காட்டினேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இத்தனை தைரியமான நிறத்தை இதுவரை யாரும் தொட்டதில்லையாம். டாக்டர் என் தோளில் தட்டி, "உங்க பார்வையே தனி சார்" என்றார். அதில் சந்தேகமே இல்லை என்றேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று என்பது உனக்கும், போய்ச் சேர்ந்துவிட்ட என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். முப்பத்தைந்து வருஷம் பெயிண்ட் கடை நடத்தியவன் வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? கடை திறந்த முதல் வருஷம் நீ வந்து உட்கார்ந்து ஒவ்வொரு டின் மூடியிலும் எழுதி வைத்தாயே, "போஸ்ட்மேன் சைக்கிள்", "அப்பாவோட ஸ்வெட்டர்", "பள்ளிக்கூட கேட்" என்று, அதை வைத்துத்தான் பிழைத்தேன். வாடிக்கையாளர் இலைப் பச்சை கேட்டால் நான் உள்ளே போய் அப்பாவின் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வருவேன். ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. அந்தத் தெம்பில், படத்துக்கும் அதே முறை சரிப்படும் என்று கடையின் பழைய நிற அட்டையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அட்டையை அக்கரை மலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த படகுக்காரரிடம், "அந்த மலை இதுல எந்த நம்பர்னு பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அவர் அட்டையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏன் சார், மலைக்குப் பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?" என்றார். இல்லை, படம் எடுக்க என்றேன். "படம் எடுக்கத்தானே? அதுக்கு எதுக்கு மலையோட சம்மதம்?" என்று கேட்டுவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார். பத்து நிமிஷத்தில், மலைக்கு யாரோ அளவெடுக்கிறார்கள் என்று கரையில் கூட்டம் கூடிவிட்டது. எந்தக் கம்பெனி, எப்போது கட்டப் போகிறீர்கள், வாட்ச்மேன் வேலை உண்டா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் தன் மகனின் மார்க் ஷீட்டையே நீட்டிவிட்டார்.

அதன் பிறகு நிறத்தில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்து, எடுத்ததை எடுத்தபடியே அனுப்பினேன். நாற்பத்து மூன்று படம். மலை வந்தது, தண்ணீர் வந்தது, பம்ப் ஹவுஸ் வந்தது. நீ ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு, எங்கடா வீடு? கண்ணை எங்க வெச்சே?" என்றாய். "சாயங்கால வெளிச்சம் அக்கா, லென்ஸ் அக்கா" என்று சமாளித்தேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த வீடு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு இல்லை, என்றைக்குமே தெரிந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டுக் கரையோரமாக நடந்து வரும்போது, மரங்கள் விலகித் தண்ணீர் முழுசாகத் தெரிகிற இடம் வந்ததும் நீ நிற்பாய். "அதோ நம்ம வீடு, அம்மா வாசல்ல நிக்கிறாங்க, கையை ஆட்டுடா" என்பாய். சிவப்பு ஓடு, சுற்றிலும் பச்சை மரம். எனக்கு அங்கே இருந்தது ஒரே மங்கல் திட்டு. நான் உன் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் ஆட்டுவேன். "தெரியுதாடா?" என்பாய். "தெரியுது" என்பேன். அஞ்சு வருஷம் ஆட்டினேன் அக்கா. வீட்டுக்குப் போனதும் அம்மா, "நீதாண்டா பலமா ஆட்டினே" என்று என் தலையைத் தடவுவாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? அம்மா போன பிறகு சொல்லலாம் என்றால், அதற்கு அவசியமில்லாமல் போய்விட்டது. கடையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சமாளித்திருக்கிறேன், அதெல்லாம் வியாபாரம். இது அப்படி இல்லை. என் கண்ணில்தான் கோளாறு, படத்தில் இல்லை. இதற்கு முழு மன்னிப்பையும் கேட்டுக்கொள்கிறேன்.

மன்னிப்பு கேட்டால் வீடு வந்துவிடுமா? எனக்கு எது தெரியும் என்று யோசித்தேன். வெள்ளை தெரியும். அக்கரைக்குச் சுற்றிப் போக என் முழங்கால் சம்மதிக்காது, அதனால் படகுக்காரரிடம் நம்பர் வாங்கிப் பம்ப் ஹவுஸ் வாட்ச்மேனைப் பிடித்தேன். "தம்பி, பழைய குவார்ட்டர்ஸ் கூரை மேல ஒரு வெள்ளைப் போர்வையை விரிக்க முடியுமா?" என்றேன். "எதுக்கு சார், ஹெலிகாப்டர் வருதா?" என்றான். படத்துக்கு என்று சொல்லிப் புரியவைத்தேன். நேற்றுக் காலை ஏழு மணிக்கு, நாம் எப்போதும் நிற்கிற அதே இடத்தில் கேமராவை நிறுத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மரங்களுக்கு நடுவில், நான் நினைத்ததைவிட வெகு இடப்புறத்தில், கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளை. அது எவ்வளவு கிட்டத்தில் இருந்தது தெரியுமா? நான் வெகு தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபத்தாறு வயதில் என் வீட்டை அக்கரையிலிருந்து பார்த்தேன். படம் எடுக்க வேண்டும் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஓட்டின் சிவப்பு கொஞ்சம் போர்வையில் மறைந்திருக்கும், பொறுத்துக்கொள்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இனி இயற்கையைத் தொந்தரவு செய்வதாக இல்லை. கேமராவை வருகிற ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரிடமே கொடுத்துவிடுகிறேன்.

அத்தானின் காலைத் தொட்டு வணங்கியதாகச் சொல். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம், எழுந்த பிறகு சொன்னாலும் கணக்கில் சேரும். பேத்திக்கு என் முத்தம். உன் ஆசி என்றைக்கும் எனக்கு இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாட்ச்மேன் கூப்பிட்டான். போர்வையை எடுத்துவிடலாமா என்று கேட்டான். எடுக்கலாம், ஓடு எதுவும் உடையவில்லையே என்றேன். "ஓடா? நீங்க எந்தக் காலத்துல சார் இருக்கீங்க? ஓடெல்லாம் எடுத்துட்டுத் தகரம் போட்டுப் பன்னண்டு வருஷம் ஆச்சு. பச்சைப் பெயிண்ட் அடிச்ச தகரம். மரத்துக்கு நடுவுல யாரு கண்ணுக்கும் தெரியாது சார்" என்றான்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் சின்ன வயசுப் பாதியை நீ வைத்துக்கொள், இந்த வருஷத்துப் பாதியைத் திருப்பிக் கொடு. நாற்பத்து மூன்று படத்திலும் வீடு இருக்கிறது. உனக்கும் தெரியவில்லை. கேமராவைக் கொடுப்பதாகச் சொன்னதும் ரத்து. கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை, இடிக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு நாள் கிளம்பி வா. நீ பார்க்கிற மாதிரி கூரையில் இன்னொரு போர்வை விரிக்கச் சொல்லியிருக்கிறேன், சிவப்பில். அதை மட்டும் நீயே வாங்கிக்கொண்டு வா. என்னை அனுப்பினால் என்னத்தை வாங்கி வருவேனோ.